லூபஸ் கர்ப்பத்தில் சிசுவின் இரத்த ஓட்டக் கண்காணிப்பு

லூபஸ் நோயுள்ள (நோயெதிர்ப்பு அமைப்பு தன் உடலையே தாக்கும் நோய்) கர்ப்பிணியின் சூல்வித்தகம், தொப்புள்கொடி, சிசுவின் மூளை ஆகியவற்றில் ஓடும் இரத்தத்தை டொப்ளர் மீயொலி ஸ்கேன் மூலம் அளவிடும் முறை. 1977இல் டப்ளினில் ஃபிட்ஸ்ஜெரால்டும் டிரம்மும் தொப்புள்நாடியின் ஓட்டத்தை இவ்வாறு பதிவுசெய்தனர். ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை.

தேவை: லூபஸ், குறிப்பாக பொஸ்போலிப்பிட்டு எதிர் பிறபொருளெதிரிகள் உள்ளபோது, சூல்வித்தகத்தின் குருதிக்கலன்களைச் சேதப்படுத்தும். முன்சூல்வலிப்பு, சிசு வளர்ச்சிக் குறைவு, கருச்சிதைவு ஆகியன நேரலாம்.

அளவீடு: 20–24 வாரங்களில் கருப்பை நாடி பார்க்கப்படும். பின்னர் தொப்புள்நாடி. திரையில் அலைகள் வரிசையாக எழும். இரு இதயத்துடிப்புகளுக்கு இடையிலும் ஓட்டம் அடிக்கோட்டுக்கு மேல் நிற்க வேண்டும். அது அடிக்கோட்டைத் தொட்டால் ஆபத்து. கீழே இறங்கினால், இரத்தம் பின்னோக்கிப் பாய்கிறது, ஆபத்து மிகக் கடுமை. அப்போது பிரசவத்தை 32 வாரங்களுக்கு அப்பால் தள்ளுவதில்லை. மூளைநாடியில் ஓட்டத் தடை குறைவது, சிசு கிடைக்கும் ஒட்சிசனை மூளைக்குத் திருப்புவதைக் காட்டும்.

இதயம்: தாயிடம் லூபஸில் காணப்படும் ரோ எதிர் பிறபொருளெதிரி இருந்தால் சுமார் 2 வீதமான சிசுக்களில் இதயத் துடிப்புக் கடத்தல் தடைப்படும், 18–26 வாரங்களில் இதய ஸ்கேன் உதவும்.

இறக்காமத்தில்: அம்பாறை மாவட்டத்தின் இவ்வூர்க் கர்ப்பிணிகளை முதலில் சந்திப்பவர் குடும்பநல மருத்துவமாது. லூபஸ் இருப்பதை அவரிடம் முதல் பதிவிலேயே சொன்னால், விசேட வைத்திய நிபுணரிடம் காலத்தோடு அனுப்பலாம். லூபஸ் மருந்தான ஹைட்ரொக்சிகுளோரோகுயினைத் தாமாக நிறுத்தக் கூடாது. முன்சூல்வலிப்பைத் தவிர்க்கக் குறைந்தளவு அஸ்பிரினை 16 வாரத்துக்கு முன் தொடங்குவதே சிறந்தது.