நிலவொளியில் முடிந்த இலக்கியப் பூசல்

1821ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16ஆம் நாள் இரவு ஒன்பது மணியளவில், இலண்டன் மாநகரின் வடபுறத்தே சாக் ஃபார்ம் என்னும் வெளியில், மங்கிய நிலவொளியில் இருவர் கைத்துப்பாக்கியுடன் எதிரெதிரே நின்றனர். ஒருவர் ஜான் ஸ்காட், ‘இலண்டன் மேகசின்’ என்னும் திங்களிதழின் ஆசிரியர். மற்றவர் ஜோனதன் கிறிஸ்டி என்னும் வழக்கறிஞர். நிலத்தகராறோ பெண்வழக்கோ இவர்களிடையே இல்லை. கவிதைத் திறனாய்வில் தொடங்கிய ஒரு சொற்போரே இவ்விருவரையும் அங்குக் கொண்டுவந்து நிறுத்தியது. கிறிஸ்டிக்கு அச்சொற்போரில் நேரடிப் பங்குகூட இல்லை.

இப்பூசலின் வேர் எடின்பரோ நகரில் இருந்தது. 1817இல் வில்லியம் பிளாக்வுட் என்னும் பதிப்பாளர் தம் பெயரால் ஓர் இதழ் தொடங்கினார். அதன் தூண்களாக விளங்கியோர் ஜான் வில்சன், ஜான் கிப்சன் லாக்ஹார்ட் என்னும் இளைஞர் இருவர். அறிவும் குறும்பும் ஒருங்கே வாய்த்தவர்கள். ஆனால் தம் பெயரை மறைத்து எழுதியவர்கள். அவ்வாண்டு அக்டோபர் இதழில் விவிலிய நடையில் அமைந்த நையாண்டி ஒன்று வெளிவந்து, எடின்பரோப் பெரியோர் பலரை எள்ளியது. ஊரில் எழுந்த கொந்தளிப்பில், பின்னர் அச்சிட்ட படிகளில் அதனை நீக்க நேர்ந்தது. அதே இதழில்தான் ‘இசட்’ என்னும் ஒற்றை எழுத்துக்குப் பின்னால் ஒளிந்தவர் லீ ஹண்ட் என்னும் கவிஞரைத் தாக்கத் தொடங்கினார். இலண்டன் நகர எளிய குடிப்பிறப்பைச் சுட்டும் ‘காக்னி’ என்னும் இழிசொல்லை ஒரு கவிதைக் கூட்டத்திற்கே பெயராகச் சூட்டினார்.

1818 ஆகஸ்டில் ஜான் கீட்ஸின் முறை வந்தது. மருந்தாளுநரிடம் பயிற்சி பெற்ற இளைஞர் கவிதை எழுதத் துணிவதா என்று ஏளனம் செய்து, மருந்துக் கடைக்கே திரும்புமாறு அவருக்கு அறிவுரை கூறியது அக்கட்டுரை. கவிதையின் குறையைக் காட்டுவது ஒன்று; கவிஞனின் பிறப்பையும் பிழைப்பையும் பழிப்பது மற்றொன்று. ‘இசட்’ இவ்விரண்டையும் வேண்டுமென்றே கலந்தார். ஹாஸ்லிட் அவ்விதழ்மீது வழக்குத் தொடுத்தார். அது நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. இத்தகைய எழுத்துக்களுக்கு நடுவிலேயே 1820இல் வில்சன் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ஒழுக்க மெய்யியல் பேராசிரியர் ஆனார் என்பதை எண்ணினால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

ஜான் ஸ்காட் அபர்டீன் நகரில் பிறந்தவர். புகழ்பெற்ற வால்டர் ஸ்காட்டுடன் குழப்பிக்கொள்ளலாகாது. பைரன் பயின்ற அதே இலக்கணப் பள்ளியில் படித்தவர். ‘சாம்பியன்’ என்னும் வார இதழை நடத்தியவர். பாரிஸ் பயணம் பற்றி நூல்கள் எழுதியவர். 1816இல் பாரிஸில் தம் சிறு மகனைப் பறிகொடுத்து, அத்துயரத்தைப் பாட்டாக வடித்து மறு ஆண்டு நூலாக்கினார். 1820 ஜனவரியில் ‘இலண்டன் மேகசின்’ தொடங்கியபோது அவர் காட்டிய ஆசிரியத் திறமை வியக்கத்தக்கது. முதல் இதழிலேயே உழவர் குடியில் பிறந்த ஜான் கிளேர் என்னும் கவிஞரைப் பற்றிய கட்டுரை இடம்பெற்றது. ஆகஸ்டில் சார்லஸ் லாம் ‘எலியா’ என்னும் புனைபெயரில் எழுதத் தொடங்கினார். ஹாஸ்லிட்டின் கட்டுரைகளும் அங்கு வந்தன. ஓராண்டிற்குள் ஆங்கில உரைநடையின் உயர்ந்த மாதிரிகள் சில ஒரே இதழில் கூடின என்றால், அது பெரும்பாலும் ஓர் ஆசிரியரின் கைவண்ணமே.

இத்தனை வலிமையும் கையிலிருந்தபோது அவர் பிளாக்வுட் இதழை மறந்துவிட்டுத் தம் பணியைத் தொடர்ந்திருக்கலாம். 1820 நவம்பரில் அவர் எழுதிய முதல் கண்டனத்தைக் குறைகூற இடமில்லை. பெயரை மறைத்துக்கொண்டு தனிவாழ்வைத் தூற்றுவது இலக்கியத் திறனாய்வாகாது என்னும் அவர் வாதம் நேர்மையானது. எவரேனும் சொல்லியே ஆகவேண்டியது. ஆனால் டிசம்பரில் குரல் ஏறியது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் வீதிகளில் வழிப்போக்கரைத் தாக்கித் திரிந்த ‘மோஹாக்’ என்னும் முரடர் கூட்டத்தின் பெயரை அவ்விதழுக்கு இட்டார். 1821 ஜனவரியில் மீண்டும் எழுதினார். இப்போது லாக்ஹார்ட்டைப் பெயர் சுட்டி, அவரே அவ்விதழின் தலைவர் என்று சாடினார்.

சினம் செய்த முதற்கேடு இங்கேதான். ‘இசட்’டின் எழுத்தில் லாக்ஹார்ட்டுக்குப் பங்குண்டு, அதில் ஐயமில்லை. ஆனால் இதழின் கடிவாளம் பிளாக்வுட்டின் கையில் இருந்தது. மறுக்கவியலாத குற்றச்சாட்டோடு நின்றிருந்தால் எதிரிக்குத் தப்ப வழியில்லை. மறுக்கக்கூடிய ஒன்றையும் அதனுடன் சேர்த்ததால், வழக்கைத் திசைதிருப்பும் வாய்ப்பை ஸ்காட்டே எதிரிக்கு அளித்தார்.

லாக்ஹார்ட் முதலில் தம் நண்பர் கிறிஸ்டியை ஸ்காட்டிடம் அனுப்பினார்; பின்னர்த் தாமே இலண்டன் வந்தார். மன்னிப்புக் கேட்கவேண்டும், இல்லையேல் துப்பாக்கிக்கு விடையளிக்கவேண்டும் என்பது அக்காலக் கனவான்களின் நடைமுறை. பிளாக்வுட் இதழின் நிர்வாகத்தில் தமக்குத் தொடர்பில்லை என்று லாக்ஹார்ட் முதலில் அறிவிக்கட்டும் என்றார் ஸ்காட். லாக்ஹார்ட் அதற்கு இணங்கவில்லை. மாறாக ஸ்காட்டைப் பொய்யர், கயவர் என்று வெளிப்படையாக அறிவித்தார். பின்னர் அச்சிட்டுப் பரப்பிய அறிக்கையில் ஒரு மறுப்புரை இருந்தது. ஸ்காட்டுக்கு அனுப்பிய படியில் அது இல்லை. இம்முரண்பாட்டை ஸ்காட் கண்டுபிடித்து உலகறியச் செய்தார். வாதத்தைப் பொறுத்தவரை, அந்நாளில் வென்றவர் அவரே. லாக்ஹார்ட்டும் ஸ்காட்லாந்து திரும்பினார். பிப்ரவரி 14இல் அவருக்கு ஆண்மகவு பிறந்தது.

பூசல் அடங்கவிருந்த அந்நிலையில் கிறிஸ்டி தம் நண்பருக்குச் சார்பாக ஓர் அறிக்கை வெளியிட்டார். கோழை என்னும் பழி தம்மைச் சுற்றிவருவதை ஸ்காட்டால் பொறுக்க முடியவில்லை. ஹாஸ்லிட் தூண்டிவிட்டார் என்றும் அக்காலத்தார் சிலர் பேசிக்கொண்டனர். வெந்துகொண்டிருந்தவருக்குத் தூண்டுதல் எதற்கு? மூலப் பகைவரோடு மோத மறுத்தவர், தூதராக வந்தவரை அறைகூவி அழைத்தார். அறிக்கையைப் படித்த அதே இரவு சாக் ஃபார்ம் சென்றாயிற்று. ஒருநாள் உறங்கி எழுந்திருந்தால்!

களத்தில் நடந்தது இன்னும் கொடியது. முதல் வெடியில் கிறிஸ்டி ஸ்காட்டைக் குறிவையாமல் வேறு திசையில் சுட்டார். அது சமாதானக் குறிப்பு. மங்கிய ஒளியில் ஸ்காட் அதனை உணரவில்லை. கிறிஸ்டியின் துணைவரான டிரெயில், மறுமுறை அவ்வாறு விட்டுக்கொடுக்கலாகாது என்று எச்சரித்தார். ஸ்காட்டின் துணைவர் பேட்மோர் பூசலை அங்கேயே நிறுத்தவில்லை. துணைவர்களின் முதற்கடமை சண்டையைத் தவிர்ப்பதே; இருவரும் அதில் தவறினர். இரண்டாம் முறை கிறிஸ்டி தற்காப்புக்காகச் சுட்டார். குண்டு ஸ்காட்டின் இடுப்புக்கு மேல் பாய்ந்து குடலைத் துளைத்தது. அருகிலிருந்த விடுதிக்கு அவரைத் தூக்கிச் சென்றனர். இரண்டாம் வெடிக்குத் தேவையே இருக்கவில்லை என்று அவர் படுக்கையில் வருந்தியதாக மருத்துவர் சாட்சி கூறினார். பதினொரு நாள் துன்புற்று, பிப்ரவரி 27இல் காலமானார். அகவை முப்பத்தாறு. மனைவியும் சிறு குழந்தைகளும் ஆதரவற்றனர். அவர்களுக்காக நண்பர்கள் திரட்டிய நிதியில் பைரனும் பங்களித்தார்.

இதற்கு நான்கு நாள் முன்னர், பிப்ரவரி 23இல், ரோமாபுரியில் கீட்ஸ் காசநோயால் உயிர்நீத்திருந்தார். அச்செய்தி இலண்டனை எட்டியது மார்ச்சில்தான். ‘இசட்’டால் இழிக்கப்பட்ட கவிஞரும், ‘இசட்’டை எதிர்த்த ஆசிரியரும் ஒருவர் இறுதியை மற்றவர் அறியாமலே ஒரே வாரத்தில் மறைந்தனர்.

மரண விசாரணைக் குழு கொலைக்குற்றம் என்று தீர்ப்புக் கூறியது. எனினும் ஏப்ரலில் நடந்த நீதிமன்ற விசாரணையில் கிறிஸ்டியும் டிரெயிலும் விடுதலை பெற்றனர். ‘இலண்டன் மேகசின்’ கீட்ஸின் பதிப்பாளர்களான டெய்லர், ஹெஸ்ஸி ஆகியோரின் கைக்கு மாறியது. டி குவின்சியின் அபினி பற்றிய நூல் 1821 செப்டம்பரில் அங்குதான் வெளிவரத் தொடங்கியது. ஸ்காட் தேடிச் சேர்த்த எழுத்தாளர்கள் இருந்தனர். சேர்த்து நிறுத்தியவர் இல்லை. 1829இல் இதழும் நின்றுபோயிற்று.

லாக்ஹார்ட்டின் மாமனார் வால்டர் ஸ்காட். பிளாக்வுட் கூட்டத்தை விட்டு விலகுமாறு அவர் மருமகனுக்கு அறிவுறுத்தினார். லாக்ஹார்ட் சில ஆண்டுகள் அங்கேயே எழுதிக்கொண்டிருந்தார். 1825இல் ‘குவார்ட்டர்லி ரிவியூ’வின் ஆசிரியரானார்; கீட்ஸை 1818இல் தாக்கிய மற்றோர் இதழ் அது. 1833இல் டெனிசன் என்னும் இளங்கவிஞரின் நூலை எள்ளி நகையாடும் மதிப்புரை ஒன்று அவ்விதழில் வெளிவந்தது. எழுதியவர் பெயர் அதில் இல்லை.