‘கிளாசிக்’ என்ற சொல்லின் பூர்வீகம்

பத்திரிகை அலுவலகத்தில் எனக்கு முதலில் கிடைத்த வேலை, ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது. அரசியற் செய்திகள் அவ்வளவு சிரமம் தரவில்லை. விளையாட்டுப் பக்கமும் கலைப் பக்கமுமே வியர்க்க வைத்தன. துடுப்பாட்ட வீரர் ஒருவரின் ஆட்டம் ‘கிளாசிக்’ என்றிருக்கும். அரை நூற்றாண்டுக்கு முந்திய திரைப்படமும் ‘கிளாசிக்’. பழைய மோட்டார் வண்டியும் ‘கிளாசிக்’. சிறந்த, அபாரமான, உன்னதமான, காலத்தால் அழியாத என்று கைக்கு வந்த சொல்லைப் போட்டுப் பத்தியை நிரப்புவோம். மறுநாள் அதைத் திரும்பிப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது? அச்சொல்லின் வேரைத் தேடும் அவகாசம் எனக்கு ஓய்வு பெற்ற பின்னரே வாய்த்தது. கவிதையிலோ கலையிலோ போய் முடியும் என்று எண்ணியிருந்தேன். அந்தத் தேடல் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு சொத்துக் கணக்கேட்டின் முன்னால்.

பண்டைய உரோமாபுரியின் ஆறாவது அரசன் சேர்வியுஸ் துல்லியுஸ். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஆண்டவன் என்பது மரபு. குடிமக்களின் சொத்தைக் கணக்கெடுத்து அவர்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தவன் இவனே என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். ஒவ்வொரு பிரிவுக்கும் ‘கிளாசிஸ்’ என்று பெயர். ஒரு இலட்சம் வெண்கல நாணயமோ அதற்கு மேலோ பெறுமதியான சொத்துள்ளவர்கள் முதல் வகுப்பு. அடுத்தடுத்த எல்லைகள் 75,000, 50,000, 25,000, 11,000. இந்தத் தொகைகள் பிற்காலத்தவை என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் சொத்தின்படி அடுக்கும் முறை இருந்தது என்பதில் ஐயமில்லை.

போர் வந்தால் முதல் வகுப்பினன் தலைக்கவசம், மார்புக்கவசம், கேடயம் எனச் சர்வ ஆயத்தமாக வருவான். ஐந்தாம் வகுப்பினன் கையில் கவணும் கல்லும். வாக்களிப்பிலும் இதே அடுக்குத்தான். மொத்தம் 193 வாக்குக் குழுக்கள். அவற்றில் குதிரைப் படையினருக்கு 18, முதல் வகுப்பினருக்கு 80. இந்த 98 குழுக்களும் ஒன்றாகக் கை தூக்கினால் பெரும்பான்மை கிடைத்துவிடும். கீழே உள்ளவர்களிடம் கேட்க வேண்டிய தேவையே எழாது. ஐந்து வகுப்பிலும் சேராத ஏழைகள் அனைவரும் ஒரே குழுவுக்குள் அடைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு ‘புரோலெட்டாரி’ என்று பெயர். நாட்டுக்குத் தருவதற்குப் பிள்ளைகளைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்கள் என்று அதற்குப் பொருள். ‘கிளாசிகஸ்’ என்ற பெயரோ முதல் வகுப்பினருக்கு மட்டுமே உரியது. மற்ற நான்கு பிரிவினரும் ‘வகுப்புக்குக் கீழே’ உள்ளவர்கள்.

சொத்துக்காரனைக் குறித்த இச்சொல் எழுத்தாளனிடம் வந்து சேர்ந்த கதை சுவையானது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அவுலுஸ் ஜெல்லியுஸ் என்பவர் தாம் கேட்டவற்றையும் படித்தவற்றையும் ‘அத்தேனிய இரவுகள்’ என்ற நூலில் தொகுத்து வைத்தார். நோயுற்றிருந்த புரொண்டோ என்ற அறிஞரைப் பார்க்கப் போன நிகழ்ச்சி ஒன்று அதில் வருகிறது. மார்க்குஸ் அவுரேலியுஸ் பேரரசருக்கு ஆசானாக இருந்தவர் இந்தப் புரொண்டோ. மணல் என்ற இலத்தீன் சொல்லைப் பன்மையில் எழுதலாமா கூடாதா என்று அங்கே வாதம் எழுகிறது. (நம் மொழியிலும் ‘மணல்கள்’ என்றால் காது உறுத்தத்தான் செய்கிறது.) புரொண்டோ தம் கருத்தைச் சொல்லிவிட்டு, பழைய பேச்சாளரோ கவிஞரோ எவராவது அப்படி எழுதியிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள் என்கிறார். அந்த எழுத்தாளர் முதல் வகுப்பினராக, வரி செலுத்தும் சொத்துடையவராக இருக்க வேண்டும், புரோலெட்டாரியாக இருக்கக் கூடாது என்று நிபந்தனையும் வைக்கிறார்.

வேடிக்கையாகச் சொன்னாரா, வினையாகச் சொன்னாரா என்பது வேறு விடயம். மொழியில் யார் சொல்வது செல்லும் என்பதற்கு அவர் கையில் எடுத்த அளவுகோல், வாக்குச்சாவடியின் அளவுகோல்.

பல நூற்றாண்டுகள் உறங்கிக் கிடந்த இச்சொல் 1548இல் பிரெஞ்சு மொழியில் கண் விழித்தது. பின்னர் ஆங்கிலத்துக்கும் வந்தது. வகுப்பறையில் படிக்கப்படும் நூலே ‘கிளாசிக்’ என்ற மயக்கமும் இடையில் சேர்ந்துகொண்டது. 1850இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர் சேந்த் பேவ், ‘கிளாசிக்’ என்றால் என்ன என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். ஜெல்லியுசை நினைவுகூர்ந்த அவர், கிரேக்க, இலத்தீன் வேலியைத் தாண்டி வால்மீகிக்கும் வியாசருக்கும் பாரசீகத்துப் பிர்தௌசிக்கும் இடம் கொடுத்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர்தான், 1848இல், மார்க்சும் எங்கெல்சும் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையை வெளியிட்டிருந்தார்கள். அவர்கள் உயர்த்திப் பிடித்த ‘புரோலெட்டேரியட்’ என்ற சொல் அதே உரோமக் கணக்கேட்டின் அடிவரி. மேல்வரி இலக்கியத்துக்குப் போயிற்று. அடிவரி புரட்சிக்குப் போயிற்று.

ஆங்கிலத்தில் இதற்கு உறவான சொற்களைப் புரட்டினாலும் கணக்கேட்டின் வாடைதான் வீசுகிறது. ‘பஸ்ட் ரேட்’ என்பது பிரித்தானியக் கடற்படையின் தரப் பட்டியல்; 18ஆம் நூற்றாண்டில் நூறும் அதற்கு மேலும் பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பலே முதல் தரம். நம்மவர்கள் தேநீருக்கும் தோசைக்கும் வழங்கும் ‘ஏ வன்’ பட்டம் லொயிட்ஸ் கப்பல் பதிவேட்டில் பிறந்தது. அங்கே எழுத்து கப்பலின் உடலுக்கு. எண் பாய்மரம், கயிறு முதலான தளபாடங்களுக்கு. ‘பஸ்ட் கிளாஸ்’ பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. யாழ்தேவியின் மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டே பயணம் செய்த எவருக்கும் அதன் பொருள் தெரியும். 1985இல் கொக்கா கோலா நிறுவனம் சுவையை மாற்றிக் கையைச் சுட்டுக்கொண்டு, மூன்று மாதத்துக்குள் பழைய பானத்தை மீட்டுக் கொண்டுவந்தபோது அதற்கு இட்ட பெயரும் ‘கிளாசிக்’.

இனி நம் வீட்டுச் சங்கதி. 2004 அக்டோபர் 12ஆம் திகதி இந்திய மத்திய அரசு தமிழை ‘கிளாசிக்கல்’ மொழியாக அறிவித்தது. அன்று எந்த மொழிபெயர்ப்பாளரும் தடுமாறவில்லை. ‘செம்மொழி’ என்ற சொல் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆயத்தமாக இருந்தது. தமிழை உயர்தனிச் செம்மொழி என நிறுவ முனைந்த பரிதிமாற் கலைஞர் 1903இல், 33 வயதில் மறைந்தவர். 2004இல் வகுக்கப்பட்ட விதிப்படி ஆயிரம் ஆண்டுப் பழமை போதும்; அடுத்த ஆண்டே அது 1,500 முதல் 2,000 ஆண்டுகள் என்று உயர்த்தப்பட்டது. 2024இல் மேலும் ஐந்து மொழிகள் சேர, பட்டியலில் மொத்தம் பதினொன்று. உரோமாபுரிக் கணக்கெடுப்பில் நாணயம், இங்கே ஆண்டு. அறிவிப்பு வந்த நாளில் நானும் மகிழ்ந்தவன்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் செம்மை என்ற சொல்லுக்குள் பணம் இல்லை. அதன் பொருள் நேர்மை, ஒழுங்கு, வளையாமை. செங்கோல் என்றால் வளையாத கோல், வளைந்தது கொடுங்கோல். திருக்குறளில் இரண்டுக்கும் அடுத்தடுத்து அதிகாரங்கள் உண்டு. இந்த வேறுபாட்டில் பெருமை கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் அது குறைந்தது. செந்தமிழுக்கு எதிரே கொடுந்தமிழ் என்று ஒன்றை நம் இலக்கணக்காரர்களும் வைத்திருக்கிறார்கள். சொத்துக்குப் பதிலாக அவர்கள் அளந்தது நிலத்தை. தொல்காப்பிய உரைகாரர் சிலர் செந்தமிழ் நிலத்தின் தென் எல்லையாக வைகை ஆற்றைச் சொல்கிறார்கள். மதுரை மாநகரின் பழைய ஊர் இருப்பது வைகையின் தென்கரையில். அவர்கள் கணக்குப்படி சங்கம் வளர்த்த மதுரையே வேலிக்கு வெளியே!

மதுரைக்கே அந்தக் கதி என்றால் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு என்ன இடம்? சென்னையில் ஒருமுறை ஓட்டோக்காரர் ஒருவரிடம் போகவேண்டிய இடத்தைச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்து அவர் கேட்டார்: “நீங்க கேரளாவா சார்?”