ஓட்டமும் நிறுத்தமும்

மாணவ நண்பர்களே, மோட்டார் வண்டியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தைப் பற்றியே கூறுவர். எந்த வண்டி மணிக்கு எத்தனை மைல் ஓடியது என்பது பலருக்குத் தெரியும். அது எவ்வாறு நின்றது என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே. ஓடத் தெரிந்த வண்டிக்கு நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும் அன்றோ? அந்த நிற்கும் கலையின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியை, என் இளமையில் நான் உடனிருந்து செய்த ஒரு பிழையோடு சேர்த்து இன்று சொல்ல விரும்புகிறேன்.

இந்த வரலாற்றில் 1902 ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் பிரான்சு நாட்டு லூயி ரெனோ டிரம் பிரேக்கை அமைத்தார். சக்கரத்தோடு சுழலும் ஓர் உருளையின் உட்புறத்தில் வளைந்த இரு கட்டைகள் விரிந்து அழுத்துவது அதன் முறை. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பிரெடரிக் லாஞ்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் தட்டு ஒன்றை இருபுறமும் இடுக்கிப் பிடிப்பது இதன் முறை. முதலில் வென்றது டிரம்மே. ஆயினும் மூடிய உருளைக்குள் பிறக்கும் வெப்பம் எளிதில் வெளியேறாது. மீண்டும் மீண்டும் அழுத்தினால் பிடி தளரும். டிஸ்க்கோ காற்றில் திறந்து நிற்பதால் விரைவில் ஆறிவிடும். 1953 ஆம் ஆண்டு பிரான்சில் லெ மான் நகரில் நடந்த இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தில், டன்லப் டிஸ்க் பிரேக் பூண்ட ஜாகுவார் வண்டியை டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் என்னும் இருவர் ஓட்டி வென்றனர். அந்தப் பந்தயத்தின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதல் முறை. நம்பி நிறுத்த முடிந்தவனே துணிந்து ஓட்ட முடிந்தது.

அக்காலத்து இங்கிலாந்தில் வேறொரு வழக்கமும் வளர்ந்து வந்தது. முழுதாகப் பூட்டிய புதுக் காருக்கு அரசாங்கம் விற்பனை வரி விதித்தது. பாகங்களாக வாங்கி வீட்டில் தாமே பூட்டிக்கொண்டால் அவ்வரி இல்லை. ஆகவே கிட் கார் என்னும் வகை தழைத்தது. காலின் சாப்மன் 1957 இல் வெளியிட்ட லோட்டஸ் செவன் இவ்வகையில் புகழ்பெற்றது. 1973 இல் அந்தப் பழைய வரி நீங்கி, மதிப்புக் கூட்டு வரி வந்தது. சலுகை போயிற்று, ஆனால் வழக்கம் போகவில்லை. தன் கையால் வண்டி கட்டும் இன்பத்தை ஒருமுறை கண்டவர்கள் அதை எளிதில் விடுவார்களா?

இவ்வாறு கட்டுவோர்க்குப் பழைய ஜாகுவார் கார்கள் ஒரு புதையலாயின. 1961 இல் அந்நிறுவனம் ஈ-டைப் என்னும் காரை வெளியிட்டது. அதன் பின்சக்கரங்கள் ஒரே அச்சில் விறைப்பாகப் பிணைக்கப்படாமல், ஒவ்வொன்றும் தனித்தனியே மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். இதனைத் தனித் தொங்கமைப்பு என்பர். அதன் பின் பிரேக்குகள் சக்கரத்தின் அருகில் இல்லை. வண்டியின் நடுவே டிபரன்ஷியலை ஒட்டி இருந்தன. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை அதனால் குறைந்தது, பயணம் மென்மையாயிற்று. ஆனால் பிரேக்கின் வெப்பம் டிபரன்ஷியலைத் தாக்கியது. பழுது பார்க்க வேண்டுமானால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பாடுபட வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் இங்கிலாந்தில் பொறியியல் பயின்றபோது, நண்பர் ஒருவர் இத்தகைய பின் அமைப்பைக் கொண்டு ஒரு கிட் கார் கட்டினார். பின் பிரேக்குகளைச் சக்கரத்தின் அருகே கொண்டுவர விரும்பி, கடையில் பெரிய காலிப்பர்கள் இரண்டு வாங்கி வந்தார். காலிப்பர் என்பது தட்டைப் பிடிக்கும் இடுக்கி. பெரிதாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும் என்று அவர் எண்ணினார்; நானும் எண்ணினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கொட்டகையில் உழைத்து அவற்றைப் பொருத்தினோம். எண்ணெய் ஒழுகவில்லை, மிதி உறுதியாக இருந்தது. எங்களுக்குப் பெருமையாகவும் இருந்தது.

அடுத்த வாரம் மழை பெய்தது. ஒரு வளைவில் முன்னே சென்ற வண்டி நிற்கவே, நண்பர் பிரேக்கை மிதித்தார். மறுகணம் எங்கள் வண்டியின் பின்புறம் முன்னால் வந்துவிட்டது. வானமும் வேலியும் சுழன்றன. கற்சுவர் ஒன்றுக்கு ஒரு முழ தூரத்தில் வண்டி நின்றது. நெடுநேரம் இருவரும் பேசவில்லை.

அன்றிரவு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். பஸ் திடீரென்று நிற்கும்போது நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? வண்டியின் சுமையும் அவ்வாறே முன்னே சாய்கிறது. 1,000 கிலோ எடையுள்ள வண்டி ஒன்றில், நிற்கும்போது முன்னும் பின்னும் 500 கிலோ வீதம் சுமை இருப்பதாகக் கொள்வோம். சக்கரங்களின் இடைவெளி இரண்டரை மீட்டர். எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர். புவியீர்ப்பின் பாதி அளவுக்கு அதன் வேகத்தைத் தடுத்தால், 100 கிலோ சுமை பின்னிருந்து முன்னுக்கு மாறும். முன்சக்கரங்களில் 600, பின்சக்கரங்களில் 400. கடுமையாகத் தடுக்கத் தடுக்கப் பின்சக்கரம் மேலும் இலேசாகும். இலேசான சக்கரத்தை இறுக்கிப் பிடித்தால் அது சுழலாமல் வழுக்கும். வழுக்கும் சக்கரம் பக்கவாட்டில் பிடிப்பை இழக்கும். அப்போது வண்டியின் பின்புறம் திரும்பிவிடும்.

நாங்கள் செய்தது அதுவே. காலிப்பருக்குள் உள்ள பிஸ்டனின் விட்டம் நான்கில் ஒரு பங்கு கூடினால், அதன் பரப்பு பாதிக்கு மேல் கூடிவிடும்; பிடிக்கும் விசையும் அவ்வளவு கூடும். முன் பிரேக்கைத் தொடாமல் பின் பிரேக்கை மட்டும் வலுப்படுத்தி, இலேசான சக்கரத்துக்குக் கனமான பிடியைக் கொடுத்துவிட்டோம். மற்றொரு பிழையும் இருந்தது. பிரேக் நடுவில் இருந்தபோது அதன் முறுக்கு விசையை டிபரன்ஷியலைத் தாங்கும் சட்டமே ஏற்றது. சக்கரத்தருகே கொண்டுவந்ததும், அதனைச் சக்கரம் தாங்கும் கைகள் ஏற்க வேண்டியதாயிற்று. அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

பின்னர்க் கணக்கிட்டு, சிறிய பிஸ்டன் உள்ள காலிப்பர்களை மாட்டினோம். முன்பக்கத்துக்கு ஒன்றும் பின்பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களை வைத்து, இடையே சமன்தண்டு ஒன்றைப் பொருத்தினோம். தாங்கும் கைகளை வலுப்படுத்தினோம். கைப்பிரேக்குக்குத் தனியாகச் சிறு இடுக்கி அமைத்தோம். கைவிடப்பட்ட பழைய விமானத்தளம் ஒன்றில், முன்சக்கரங்களே முதலில் வழுக்கும் வரை மீண்டும் மீண்டும் சோதித்தோம். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே செல்லும். ஓட்டுபவர் மிதியைத் தளர்த்தி மீளலாம். பின்சக்கரம் முதலில் வழுக்கினால் மீள்வதற்கு நேரமே இராது.

இத்தகைய வண்டிகளைச் சாலைக்கு விடுமுன் தனியே சோதிக்கும் முறையைப் பிரிட்டன் 1998 இல் கொண்டுவந்தது. 2009 இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. கையால் வண்டி கட்டுவோரின் ஆர்வத்தை அச்சட்டங்கள் தடுக்கவில்லை. ஆர்வம் ஒன்றே போதாது என்பதையே அவை நினைவூட்டுகின்றன.

மாணவ நண்பர்களே, நாங்கள் வாங்கிய காலிப்பர்கள் நல்லவையே. அவற்றில் ஒரு குறையும் இல்லை. தனித்து நல்லதாக இருந்த பொருள், சேர்ந்த இடத்தில் தீங்காயிற்று. நாளை நீங்கள் இயந்திரங்களோடு பழகும்போது, ஒரு பாகத்தை மாற்றுமுன் மற்றப் பாகங்களையும் எண்ணிப் பாருங்கள். அந்தக் கற்சுவருக்கும் எங்களுக்கும் இடையே இருந்த ஒரு முழ தூரத்தை நான் இன்றும் மறக்கவில்லை.