நானாழி நெல்லும் ஊக்கத்தொகையும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் படப்பை இருக்கிறது. அதே சாலையில் ஒரகடம் தாண்டி மேற்கே போய்ப் பாலாற்றைக் கடந்தால் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. ‘அந்தக் காலத்திலேயே நம்மிடம் ஆஸ்பத்திரி இருந்தது பார்’ என்று பெருமை பேச இந்தக் கல்வெட்டு நிறையவே பயன்பட்டிருக்கிறது. நமக்கு அந்தப் பெருமை வேண்டாம், அதில் உள்ள கூலிக் கணக்குதான் வேண்டும்.

வைத்தியருக்கு நாளொன்றுக்கு மூன்று குருணி நெல். அறுவை செய்பவருக்கு ஒரு குருணி. மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து செய்யும் இருவருக்கு ஆளுக்கொரு குருணி. நோயாளிக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவருக்கும் சேர்த்தே ஒரு குருணிதான். எட்டு நாழி ஒரு குருணி என்றால் ஆளுக்கு நானாழி. வைத்தியருக்குக் கிடைத்ததில் ஆறில் ஒரு பங்கு. வைத்தியரின் பெயர் கல்லில் இருக்கிறது. அந்தப் பெண்கள் வெறும் எண்ணிக்கையாக இருக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயங்கள் உண்டு. நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்க்கிற வேலை, பெண்ணின் வேலையாக, எல்லாவற்றிலும் மலிவானதாக அன்றே நிறுவப்பட்டுவிட்டது. அதே சமயம், அந்த மலிவான கூலிகூட நாள் கணக்கில் தரப்பட்டது. இத்தனை பேருக்கு மருந்து கொடுத்தால் இத்தனை நாழி என்று யாரும் எண்ணவில்லை. முதல் விஷயம் இன்றுவரை மாறவில்லை. மாறியது இரண்டாவதுதான். எப்படி மாறியது என்பதுதான் இங்கே கேள்வி.

2

செங்கல்பட்டுச் சீமையை ஆற்காட்டு நவாப் 1763இல் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767க்கும் 1774க்கும் இடையில் பர்னார்டு என்ற அதிகாரி ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். ஊர்ப் பணிகள் செய்கிறவர்களுக்கு மானிய நிலமும் விளைச்சலில் பங்கும் இருந்ததை அந்தப் பதிவுகள் காட்டுகின்றன. களத்தில் பொலி அளக்கும்போது கிடைக்கும் இந்தப் பங்குக்கு அன்றைய வருவாய்த்துறை மொழியில் ‘சுதந்திரம்’ என்று பெயர். உரிமையாக வரவேண்டியது என்று பொருள்.

நாவிதர் குடும்பத்துப் பெண்தான் பெரும்பாலான ஊர்களில் மருத்துவச்சி. பிரசவம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்தக் குடும்பத்துக்குக் களத்தில் பங்கு உண்டு. பிரசவத்தன்று கிடைக்கும் அரிசி, புடவை, வெற்றிலை பாக்கு எல்லாம் அதற்கு மேலே. அடேயப்பா, எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று சொல்லிவிட முடியுமா? பேறுகால ரத்தத்தைத் தீட்டு என்று சொல்லி, அதைத் தொடும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டியதற்கான விலை அது. வேலையை விட்டுப் போகும் உரிமை அந்தச் ‘சுதந்திர’த்தில் கிடையாது. ஊர்க்காரர்கள் வாசலில் நிற்கும் மருத்துவச்சி சேரிக்குப் போகமாட்டாள், சேரிக்கு வேறு ஒருத்தி. ஆக, காலத்துக்குக் கூலி என்பது மட்டுமே நியாயம் ஆகிவிடாது. ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். தன் பங்கை ‘எனக்கு வரவேண்டியது’ என்று கேட்கிற மொழி அவளிடம் இருந்தது.

3

தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு நம்மூரில் நலவாழ்வுத் துறைக்குள் பெரிய அளவில் வந்தது குடும்பக் கட்டுப்பாட்டோடுதான். இந்தியாவிலேயே முதலாவதாக, 1956இல், கருத்தடை அறுவைக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது சென்னை மாநில அரசு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி இங்கே தலைமைச் செயலராக இருந்து இந்தத் திட்டத்தை முன்தள்ளினார். அறுவைக்கு வருபவருக்குப் பணம், அவரை அழைத்துவருபவருக்கும் தலைக்கு ஒரு தொகை. தானே அறுவை செய்துகொண்டவர்கள்கூட ஆள் சேர்ப்பவர்களாக ஆனார்கள். ஆள் பிடிப்பதே ஒரு தொழிலாயிற்று, முறைகேட்டுப் புகார்களும் வந்தன.

நெருக்கடி நிலையில் இது தலைகீழாக நின்றது. 1976-77இல் மட்டும் நாடு முழுவதும் சுமார் 82 லட்சம் கருத்தடை அறுவைகள். இலக்கை எட்டாத பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பல இடங்களில் சம்பளம் நிறுத்தப்பட்டது. அதாவது மாதச் சம்பளமே தலைக்கணக்காக மாற்றப்பட்டது. கருத்தடை இலக்குகள் நாடெங்கும் கைவிடப்பட்டது 1996இல்தான். அதுவரை, ‘நர்ஸம்மா வர்றாங்க’ என்றதும் கொல்லைப்பக்கமாக நழுவிய பெண்களுக்கு நர்ஸம்மா மேல் பகை ஒன்றும் இல்லை. தன்னை அவர் எந்தக் கண்ணால் பார்க்கிறார் என்பது தெரிந்திருந்தது. கூலி முறை, பார்க்கிற பார்வையையே கட்டமைத்துவிடுகிறது.

4

1977 அக்டோபர் 2. ஜனதா அரசு சமுதாய நலப் பணியாளர் திட்டத்தைத் தொடங்கியது. ஆயிரம் பேருக்கு ஒருவர், மாதம் 50 ரூபாய். இது சம்பளம் அல்ல, ‘மதிப்பூதியம்’. பணியாளர் என்று தொடங்கிய பெயர் சீக்கிரமே தொண்டர் ஆகி, 1981இல் ‘கிராம நல வழிகாட்டி’ ஆயிற்று. பணியாளர் என்றால் கூலி கேட்பார், தொண்டர் கேட்கமாட்டார். பெயர் மாற்றத்தை வெறும் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தமிழ்நாடு அந்தத் திட்டத்தில் சேரவில்லை. இங்கே சிறு நலவாழ்வு மையங்கள் என்ற மாற்று இருந்தது. அடையாற்றில் 1958இல் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி தொடங்கிய தன்னார்வ மருத்துவ நிறுவனம் அதற்கு முன்மாதிரி. தாம்பரத்தை ஒட்டிய பரங்கிமலை ஒன்றியத்திலேயே அந்த மையங்கள் இயங்கின. சுமார் 5000 பேருக்கு ஒரு மையம், குடும்பங்கள் வருமானத்துக்கேற்பச் சந்தா கட்டும், உள்ளூர்ப் பெண் முதலுதவிப் பணியாளராக இருப்பார். நல்ல முயற்சிதான். ஆனால் இங்கும் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது சிறு தொகைதான்.

இதற்குப் பக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியரை வைத்துப் பார்க்கவேண்டும். முறையான பயிற்சி, அரசுப் பணி, மாதச் சம்பளம், விடுப்பு. 2005இல் மத்திய அரசு ‘ஆஷா’ திட்டம் கொண்டுவந்தபோது தமிழ்நாடு அதை மலை, பழங்குடிப் பகுதிகளோடு பெரிதும் நிறுத்திக்கொண்டதற்கு இந்தச் செவிலியர் அமைப்பு முக்கியமான காரணம். சம்பளக்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. எண்ணிக்கையில் வராத வேலையைச் செய்வதற்கு சம்பளம் ஒரு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஆஷாவில் அந்த இடம் குறைவு. பிரசவத்துக்கு இவ்வளவு, தடுப்பூசி முடித்தால் இவ்வளவு, பிறந்த குழந்தையை வீட்டில் போய்ப் பார்க்கும் வருகைகள் எல்லாம் முடித்தால் 250 ரூபாய் என்று பட்டியல். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது நம் வழக்கம். மாதக்கணக்கில் நடந்து பார்த்த கர்ப்பிணி வளைகாப்பு முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டால், பிரசவத்தன்று உடன் இருப்பதற்கான தொகை போயிற்று. தூங்காமல் அழுகிறவளிடம் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசினால் எந்தப் பட்டியலில் எழுதுவது? குடித்துவிட்டு அடிக்கிறவனிடமிருந்து ஒருத்தியை விலக்கிக் கூட்டிவந்தால்?

சீனத்தின் வெறுங்கால் மருத்துவர்கள் இதற்கு இன்னொரு சான்று. கம்யூனில் மற்ற உழைப்பாளிகள் போலவே அவர்களுக்கும் உழைப்புப் புள்ளிகள் தரப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் கம்யூன்கள் கலைக்கப்பட்டன, புள்ளிகள் போயின. பலர் வேலையை விட்டார்கள், பலர் நோயாளியிடம் காசு வாங்கி மருந்து விற்பவர்கள் ஆனார்கள். ஆள் அதே ஆள், ஊர் அதே ஊர், கூலி முறை மட்டும் வேறு. முழுக்கவோ பெரும்பகுதியோ செயல்திறன் ஊக்கத்தொகையாக மட்டும் கொடுக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் வழிகாட்டுதல் தந்தது. அதே நிறுவனம் 2022இல் ஆஷாக்களுக்கு விருதும் தந்தது. விருது வாங்கியவர்களில் கேரளத்துப் பெண்கள் 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். மாதம் 7000 ரூபாயை 21,000 ஆக்கு என்பது கோரிக்கை. மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் அந்தப் போராட்டம் நீண்டது.

5

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்காரர்களின் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. கால் வீங்கிப்போய் பஸ் ஏற முடியாத கிழவிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கண்ணால் பார்க்கிறோம். கொண்டுபோய்க் கொடுக்கிறவர் மகளிர் நலத் தன்னார்வலர், சுய உதவிக் குழுவிலிருந்து வந்தவர். தொடங்கியபோது மாதம் 4500 ரூபாய்.

படப்பைப் பக்கம் இந்த வேலை செய்கிற ஒரு அக்காவிடம் ‘உங்க சம்பளம்’ என்று ஆரம்பித்தேன். “சம்பளம்னு எழுதாதீங்கண்ணா. ஊக்கத்தொகைன்னுதான் எழுதணும். சம்பளம்னா நாங்க வேலைக்காரங்க ஆயிடுவோம்ல” என்று சிரித்தார். ஒரு சட்ட நூல் சொல்லவேண்டியதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அவருடைய ஊர் மாறிக்கொண்டே இருக்கிறது. வயல் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். ஒரகடம் ஆலைகளுக்கு ஷிப்ட் போகிற ஒடிசா, பீகார் பிள்ளைகள் ஒரு அறையில் பலர். பகலில் பூட்டு, இரவில் போனால் தூக்கம். இன்றைக்கு இருக்கிறவன் அடுத்த மாதம் வேறு ஊர். “அந்த ரூமுக்கு நாலு தடவ போனேன். அஞ்சாவது தடவ ஒரு பையன் கெடச்சான், பிரஷர் ஏகத்துக்கும் இருந்துச்சு.” பூட்டிக் கிடந்த நான்கு தடவைகளை எந்தக் கூலிக் கணக்கில் சேர்ப்பது? எண்ணிக்கைக்குக் கூலி என்றால் அவர் பூட்டிய அறைக்குப் போகமாட்டார். போகக்கூடாது, அதுதான் அந்தக் கணக்கின் தர்க்கம். ஆனால் நோய் பூட்டிய அறைக்குள்தான் இருக்கிறது.

2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்சக் கூலியும் சமூகப் பாதுகாப்பும் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்த மாநாடு அது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. எழுதுகிறவர்களும் இயக்கங்களில் இருப்பவர்களும் ‘சேவை’, ‘தொண்டு’, ‘தன்னார்வம்’ என்ற சொற்களைக் கூச்சமில்லாமல் புழங்குகிறோம். அந்தச் சொற்களுக்குள் ஒரு கூலிக் குறைப்பு ஒளிந்திருக்கிறது என்பதை இனியாவது பேசவேண்டும். களத்து மேட்டில் கிடைத்த பங்கை, சாதியின் அடியில் நசுங்கிக் கிடந்தவள்கூட, உரிமை என்ற பொருளில் சுதந்திரம் என்று சொன்னாள். சுதந்திர நாட்டில் மாத்திரைப் பையோடு தெருத்தெருவாக நடக்கிறவருக்குத் தன் கூலியைச் சம்பளம் என்று சொல்ல முடியவில்லை.