ஜெருசலேம் புனிதப் பயணம்: அரசு மானியம் எப்போது கைக்கு வரும்? பங்குக் குழுவோடு கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் உள்ள கத்தோலிக்கப் பங்குகளில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வாசிக்கிற அறிவிப்புகளில் 'புனித நாடுகள் திருப்பயணம்' என்பது பலருக்கும் பழக்கமான வரிதான். பெயர் கொடுப்பவர்களில் ஆவடி ராணுவத் தொழிற்சாலையிலோ அம்பத்தூர் எஸ்டேட்டிலோ வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களும் இருப்பார்கள். ஒரு ஆளுக்கே லட்சத்தைத் தாண்டும் செலவு. அதனால் எல்லோரும் முதலில் கேட்பது, "கவர்மென்ட் பணம் தருதாமே, உண்மையா?"

உண்மைதான். ஆனால் போறதுக்கு முன்னாடி தராது.

மானியம் எவ்வளவு?

2011-ல் ஜெயலலிதா ஆட்சியில் இந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் 500 பேருக்குத் தலா ரூ.20,000. 2020-ல் எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது தொகை ரூ.37,000 ஆக உயர்த்தப்பட்டது. பிறகு வந்த திமுக அரசின் அறிவிப்புகளின்படி 550 பேருக்குத் தலா ரூ.37,000, கன்னியாஸ்திரிகள், அருட்சகோதரிகள் 50 பேருக்குத் தலா ரூ.60,000.

ஆக மொத்தம் தமிழ்நாடு முழுக்க 600 பேர். கன்னியாகுமரி, தூத்துக்குடி மாவட்டங்களில் இருந்து எத்தனை பேர் கிளம்புவார்கள் என்று யோசித்தால் போட்டி புரியும். கத்தோலிக்கர் மட்டுமல்ல, எல்லா கிறிஸ்தவப் பிரிவினரும் விண்ணப்பிக்கலாம்.

பயணத்தை முடித்துவிட்டு வந்து, சென்னை சேப்பாக்கம் கலச மஹாலில் உள்ள சிறுபான்மையினர் நலத்துறை ஆணையருக்கு விண்ணப்பிக்க வேண்டும். தொகை நேராக வங்கிக் கணக்கில் ஏறும். அதனால் 'மானியம் கழித்து இவ்வளவுதான்' என்று ஒரு ஏஜென்ட் விளம்பரம் செய்தால், அந்தக் கணக்கை நம்பிக் கடன் வாங்காதீர்கள். விசா நகல், டிக்கெட், போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இன்னொன்று, இது ஜெருசலேம் பயணத்துக்கான திட்டம். பெத்லகேம், நாசரேத், ஜோர்டான் நதி, கலிலேயக் கடல் போன்ற இடங்கள் இதில் அடங்கும். ரோம், லூர்து, பாத்திமா மட்டும் போய்வரும் குழுக்கள் இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பாஸ்போர்ட், விசா

அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது அமைந்தகரை பாஸ்போர்ட் சேவா கேந்திரம். பழைய பாஸ்போர்ட் இருந்தால், பயணத் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா என்று பாருங்கள். ஞானஸ்நான சான்றிதழில் அந்தோணிசாமி, ஆதாரில் ஆண்டனி சாமி என்று பெயர் இரண்டு விதமாக இருப்பது நம்ம ஊரில் சகஜம். அதை முதலிலேயே சரி செய்துவிடுவது நல்லது.

குழுக்கள் பெரும்பாலும் ஜோர்டான், இஸ்ரேல், எகிப்து என மூன்று நாடுகளைச் சேர்த்தே போகின்றன. சிலர் நிரந்தரமாக இஸ்ரேலில் தங்கி வேலை தேடும் எண்ணத்தில் குழுவில் சேர்வதும் நடக்கிறது. 2023 ஜூலையில் கேரளாவிலிருந்து போன குழுவில் ஏழு பேர் அங்கே காணாமல் போன செய்தி பெரிதாக அடிபட்டது. ஏஜென்ட்கள் பங்குத்தந்தையின் கடிதம், குடும்ப விவரம் என்று துருவித் துருவிக் கேட்பதற்கு இந்த மாதிரி சம்பவங்களும் ஒரு காரணம்.

முட்டி தாங்குமா?

பேக்கேஜ் நோட்டீஸில் இது இருக்காது. பெத்லகேம் பிறப்புப் பேராலயத்தின் வாசல் உயரம் ஏறக்குறைய நான்கு அடிதான், குனிந்துதான் நுழைய வேண்டும். ஜெருசலேமில் சிலுவைப் பாதை போகும் சந்துகள் கல் பாவியவை. திருக்கல்லறைப் பேராலயத்துக்குள் கல்வாரிக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. எகிப்தில் சீனாய் மலை 2,285 மீட்டர். சூரிய உதயம் பார்க்க நள்ளிரவுக்குப் பிறகே ஏற ஆரம்பிப்பார்கள். பாதி வழிக்கு ஒட்டகம் கிடைக்கும், கடைசியில் நூற்றுக்கணக்கான படிகளைக் கால்தான் ஏறணும். முடியாதவர்கள் ஹோட்டலிலேயே இருந்துவிடலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

பெத்லகேம் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் இருக்கிறது. ஜெருசலேமிலிருந்து சில கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் தடுப்புச் சுவரும் சோதனைச் சாவடியும் உண்டு. பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் கையோடு வைத்திருக்க வேண்டும்.

கூடவே வரும் அருட்தந்தை எந்தத் தலத்தில் எத்தனை மணிக்குத் தமிழில் திருப்பலி நிறைவேற்றுவார் என்பதையும் முன்பதிவு செய்ய வேண்டும். 1342 முதல் திருத்தந்தையின் ஒப்புதலோடு புனிதத் தலங்களைக் கவனித்துவரும் பிரான்சிஸ்கன் சபையினரிடம்தான் பல இடங்களின் பொறுப்பு இருக்கிறது. ஒலிவ மலைக்குப் போனால் ஒரு விஷயத்தைத் தவறவிடாதீர்கள். இயேசு கற்பித்த செபத்தைப் பல மொழிகளில் ஓடுகளில் பதித்திருக்கும் ஆலயத்தில் தமிழும் இருக்கிறது. நம்ம ஆட்கள் அதன் முன் போட்டோ எடுக்காமல் நகர்வதில்லை!

போர் வந்தால் பணம்?

2023 அக்டோபர் 7 தாக்குதலுக்குப் பிறகு பயணங்கள் நின்றுபோயின. இந்தியர்களை மீட்க 'ஆபரேஷன் அஜய்' நடந்தது. 2025 ஜூனில் இஸ்ரேல்-ஈரான் மோதலின்போது வான்வெளி மூடப்பட்டது, மறுபடியும் மீட்பு விமானங்கள். எனவே முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது, பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளில் வரும் என்பதே. வாய்ப் பேச்சு போதாது, எழுத்தில் வாங்குங்கள். பல டிராவல் இன்சூரன்ஸ் பாலிசிகள் போரால் வரும் நஷ்டத்தை ஏற்பதில்லை. பங்குத்தந்தை அறிவித்தார் என்பதற்காக ஆலயம் பணத்துக்கு உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. வெளியுறவு அமைச்சகத்தின் பயண எச்சரிக்கையைக் கிளம்பும் வாரத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டு டூர் பேக்கேஜ் தொகையோடு டி.சி.எஸ். என்ற வரியும் பிடிப்பார்கள். வருமான வரி கட்டத் தேவையில்லாத பென்ஷன்தாரர்கள் கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்பக் கிடைக்கும். ஆனால் அதற்கு ஏஜென்ட் உங்கள் பான் எண்ணில்தான் அந்த வரியைக் கட்டியிருக்க வேண்டும். குழுத் தலைவரின் பான் எண்ணில் மொத்தமாகக் கட்டிவிட்டால் பணம் அவர் கணக்கில்தான் போய் நிற்கும்.