நெல்முளையில் விளைந்த நறவு

தொண்டை நாட்டில் தானியத்திலிருந்து மது ஆக்கிய முறை பெரும்பாணாற்றுப்படையில் பதிவாகியிருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்த 500 அடிப் பாட்டின் தலைவன், காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பரிசில் தேடிக் காஞ்சிக்குப் போகும் பாணனுக்கு வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதைப் புலவர் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறார். வலைஞர் குடியிருப்பில் கிடைப்பது சுட்ட மீனும் அரிசி மதுவும்.

செய்முறை ஏறக்குறைய முழுதாகவே வந்துவிடுகிறது. குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகக் கிண்டி, வாயகன்ற தட்டில் கொட்டி ஆறவிடுகிறார்கள். பிறகு அதில் நல்லடையைக் கலக்கிறார்கள். அதன் தோற்றத்துக்குப் பாட்டு சொல்லும் உவமை, பாம்பு குடியிருக்கும் புற்றின் உள்ளே காணப்படும் குரும்பி, அதாவது புற்றாஞ்சோறு. உரைகாரர் நச்சினார்க்கினியர் நல்லடையை நெல்முளை என்று கொள்கிறார். பொருத்தமான உரைதான். ஈரத்தில் குவித்து முளைகட்டிய நெல், வேரோடு வேர் பின்னி அடையாக ஒட்டிக்கொள்ளும். அதைப் பிட்டுப் பார்த்தவர்களுக்குப் புற்றாஞ்சோற்றின் நினைவு வராமல் இருக்காது. கலந்த களி கெட்டியான வாயுள்ள சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் இருந்து, பச்சை வாடை நீங்கி விளைகிறது. வெந்நீர் விட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து வடித்தால் மது தயார்.

இந்தச் செய்முறையின் சூட்சுமம் நெல்முளையில் இருக்கிறது. அரிசி மாவு தானாக மதுவாகாது. அதிலுள்ள மாச்சத்து முதலில் சர்க்கரையாக உடைய வேண்டும். முளைக்கும் தானியத்தில் சுரக்கும் நொதி அந்த வேலையைச் செய்கிறது. பிறகு ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது. ஸ்காட்லாந்தின் கிரெய்ன் விஸ்கிக்கும் இதுவே அடிப்படை: கோதுமையையோ மக்காச்சோளத்தையோ வேகவைத்து, முளைகட்டிய பார்லியைச் சேர்க்கிறார்கள். அதற்கு மேல்தான் வழி பிரிகிறது. ஈனியஸ் காஃபி 1830இல் காப்புரிமை பெற்ற தொடர்வடி கலத்தில் அதை வடித்து, ஓக் மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு வைத்த பிறகே ஸ்காட்ச் என்று விற்க முடியும். முன்பு ஷெர்ரி மது இருந்த பீப்பாயில் பல ஆண்டு கிடந்தால் உலர்திராட்சையின் மணமும் செம்பழுப்பு நிறமும் ஏறும். வலைஞர் சாடியில் விளைந்ததோ வடிக்காத, கலங்கலான, சில நாளில் புளித்துவிடும் பானம். அதை விஸ்கியின் மூதாதை என்பது மிகை. பீருக்கு உறவு என்றால் சரி.

மதுவை முதிரவைக்கும் பழக்கம் தமிழருக்குப் புதிதல்ல. நிலத்தில் புதைத்துப் பழுக்கவிட்ட மதுவைப் புறநானூற்றில் கபிலர் பாடுகிறார். மூங்கில் குழாயில் விளைந்த, தேனாலான கள் மலைபடுகடாத்தில் வருகிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் மரப்பீப்பாயில் வைப்பதற்கு நம் வெயில் ஒத்துழைக்காது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. பெங்களூரிலேயே அது 10 சதவீதத்தைத் தொட்டுவிடும். அதைவிடச் சூடான காஞ்சியில் முப்பது வருடப் பீப்பாயைத் திறந்தால் உள்ளே என்ன மிஞ்சியிருக்கும்?

குடிப்பதற்கு ஊரில் எல்லாரும் ஒப்பியிருந்தார்கள் என்றும் எண்ண வேண்டாம். வலைஞர் வீட்டுக்கு அடுத்துப் பெரும்பாணாற்றுப்படை காட்டும் அந்தணர் இல்லத்தில் சோறு, மாதுளங்காய், கறிவேப்பிலை, மாவடு ஊறுகாய் உண்டு. மீனும் மதுவும் இல்லை.

பல்லவர் காஞ்சியின் மதுக்கடையைப் பார்க்க மத்தவிலாசப் பிரகசனம் உதவுகிறது. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் எழுதிய இந்த அங்கத நாடகம் காஞ்சித் தெருக்களிலேயே நடக்கிறது. மண்டையோடு ஏந்தும் சைவத் துறவியான கபாலிகன் சத்தியசோமனும் துணைவி தேவசோமையும் தள்ளாடியபடி ஒரு மதுக்கடைக்கு வருகிறார்கள். கபாலிகனுக்கு அது வேள்விச்சாலையாகத் தெரிகிறது: கடைக் கம்பம் வேள்வித்தூணான யூபம், மது சோமம், குடிகாரர்கள் வேள்வி செய்வோர், அவர்களுடைய பிதற்றல் மந்திரம், கடைக்காரர் வேள்வித்தலைவர். சற்று நேரத்தில் அவனுடைய மண்டையோட்டுக் கிண்ணம் காணாமல் போகிறது. பழி பௌத்தத் துறவி நாகசேனர் மேல் விழுகிறது. அவரோ, நல்ல உணவும் படுக்கையும் அனுமதித்த புத்தர் மதுவையும் பெண்ணையும் மட்டும் மறுத்திருப்பாரா, கிழட்டுத் துறவிகள்தாம் மூலநூலிலிருந்து அதை மறைத்திருக்க வேண்டும் என்று புலம்பிக்கொண்டு வந்தவர். கடைசியில் கிண்ணத்தைத் தூக்கிப்போனது நாய். அதில் வறுத்த இறைச்சி இருந்தது. அரசனே தன் தலைநகரின் குடியையும் சமயப் பூசலையும் இப்படிச் சிரிப்புக்கு எடுத்துக்கொண்டது அரிது. காஞ்சிக்குத் தெற்கே மாமண்டூர்க் குகைக் கல்வெட்டில் நாடகத்தின் பெயர் இருக்கிறது. நூல் 1917இல் திருவனந்தபுரத்தில் அச்சேறியது.

அதன் பிறகு ஆவணங்களில் அரிசி மதுவைவிடப் பனங்கள்ளும் தென்னங்கள்ளுமே முன்னுக்கு வருகின்றன. பல்லவர் செப்பேடுகளில் கள் இறக்குவோர் மீதான வரி இடம்பெறுகிறது. சோழர் கால நிலக்கொடைகள் சிலவற்றில் தென்னையிலும் பனையிலும் அவர்கள் ஏறக்கூடாது என்ற நிபந்தனை உண்டு. ஆங்கிலேயர் 1886 ஆப்காரிச் சட்டத்தால் கள், சாராய வருவாயை முறைப்படுத்தினார்கள். 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் தளர்த்தப்பட்டு, சில ஆண்டுகளில் மீண்டும் இறுகியது. 1983இல் அரசு நிறுவனமான டாஸ்மாக் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003 முதல் சில்லறைக் கடைகளும் அதன் கையில்.

கள் இன்றும் தடையில் இருக்க, காஞ்சிபுரத்துக் கடையில் விஸ்கிச் சீசைகள் அடுக்கியிருக்கின்றன. இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் கணிசமான பகுதி தானியத்தில் பிறந்ததல்ல. மொலாசஸ் எனப்படும் கரும்பாலைப் பாகிலிருந்து வடித்த சாராயத்தில் கொஞ்சம் மால்ட் விஸ்கி கலந்தது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அதை அங்கே விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது.