கேளா ஒலியின் வரலாறு

வேலூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருமலைக்குச் செல்லும் அன்பர்கள், சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே காதங்கி என்னும் சிற்றூரைக் கடந்து போகிறார்கள். இவ்விரு நகரங்களிலும் குடியேறி வாழும் தமிழன்பர்களுக்கு அவ்வூர்ப் பெயர் பழகிய ஒன்றே. அங்கே, வானை நோக்கி அலைகளை ஏவி, மீண்டு வரும் மெல்லிய எதிரலையைக் கொண்டு கண்ணுக்குப் புலனாகாத காற்றின் போக்கை அறியும் பெரியதொரு ராடார் அமைந்திருக்கிறது. அந்தி மயங்கும் வேளையில் பழைய மண்டபங்களிலிருந்தும் கோபுர மாடங்களிலிருந்தும் புறப்படும் வௌவால், அதே போன்ற வேலையைக் கருவி ஏதுமின்றிச் செய்துகொண்டு நம் தலைக்கு மேலே பறக்கிறது. அதன் இனம் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை அது. மனிதனோ அதனை அறிந்துகொள்வதற்கு ஒன்றரை நூற்றாண்டுக் காலம் தடுமாறினான். அத்தடுமாற்றத்தின் வரலாறு அறியத்தக்கது.

இத்தாலி நாட்டின் பவியா பல்கலைக்கழகத்தில் லாஸரோ ஸ்பல்லன்ஸானி என்ற பாதிரியார் இயற்கை நூல் ஆசிரியராக விளங்கினார். இருளில் இயங்கும் பிராணிகளைப் பற்றி 1793-ஆம் ஆண்டில் அவர் ஆராயத் தொடங்கினார். விளக்கு அணைந்து முழு இருள் சூழ்ந்தவுடன் ஆந்தை சுவரில் மோதித் தடுமாறியது. வௌவாலோ எதிலும் மோதாமல் பறந்தது. பின்னர், இன்று நம் மனம் ஒப்பாத ஒரு சோதனையையும் அவர் செய்தார். சில வௌவால்களின் கண்களைப் போக்கிப் பறக்கவிட்டார். அவையும் முன்போலவே பறந்தன. சில நாள் கழித்து அவற்றை மணிக்கூண்டில் பிடித்துப் பார்த்தபோது, பார்வையுள்ள வௌவால்களைப் போலவே அவற்றின் வயிறும் பூச்சிகளால் நிறைந்திருந்தது. கண்ணின்றியே அவை வேட்டையாடி உண்டிருக்கின்றன!

இச்செய்தியைக் கேள்வியுற்ற ஜெனீவா நகரத்து மருத்துவர் லூயி ஜூரீன், 1794-இல் வௌவால்களின் காதுகளை அடைத்துப் பறக்கவிட்டார். உடனே அவை வழி தெரியாமல் மோதி விழுந்தன. ஸ்பல்லன்ஸானி நுண்ணிய பித்தளைக் குழாய்களைச் செய்து வௌவால்களின் காதில் பொருத்தி, மீண்டும் சோதித்தார். குழாய் திறந்திருந்தபோது வௌவால் நன்கு பறந்தது, அடைத்தபோது தடுமாறியது. காதே அதற்கு வழிகாட்டி என்பது ஐயமற விளங்கிற்று. ஆயினும், ஓசையே எழுப்பாமல் பறக்கும் ஒரு பிராணி எதைக் கேட்டு வழி அறிகிறது? அவ்வினாவுக்கு விடை காணாமலே 1799-இல் அவர் காலமானார்.

விடை கிடைக்காத உண்மைக்கு உலகில் மதிப்புக் குறைவு. பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் கூவியே, இறக்கைத் தோலின் தொடு உணர்ச்சியே இதற்குக் காரணம் என்று தீர்ப்புக் கூறினார். அவருடைய புகழின் முன் ஸ்பல்லன்ஸானியின் சோதனைகள் எடுபடவில்லை. காதால் வழி காண்பதாவது என்று நகைத்தவர்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் தொடு உணர்ச்சிக் கொள்கையே பெரும்பாலும் செல்வாக்குடன் நிலவியது. சோதனையில் பிழை இருந்ததா என்றால், இல்லை. மனிதனின் காதில் விழாத ஒலி இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை, அவ்வளவே.

1912-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. அதைக் கண்டு வருந்திய ஹிரம் மாக்சிம் என்ற பொறியியல் அறிஞர், வௌவாலைப் போலக் கப்பலும் எதிரொலியைக் கொண்டு தடையை அறியலாம் என்று எழுதினார். ஆனால், இறக்கை அடிப்பதால் எழும் தாழ்ந்த ஒலியையே வௌவால் பயன்படுத்துகிறது என்று அவர் கருதினார். அது உயர்ந்த ஒலியாக இருக்கலாம் என்று 1920-இல் எடுத்துரைத்தவர் இங்கிலாந்து நாட்டு ஹார்ட்ரிட்ஜ். இரண்டும் ஊகங்களாகவே நின்றன.

ஊகத்தை உண்மையாக்கியது ஒரு கருவி. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பியர்ஸ் என்ற பௌதிகப் பேராசிரியர், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை உணரும் கருவி ஒன்றை உருவாக்கியிருந்தார். 1938-இல் டொனால்டு கிரிஃபின் என்ற மாணவர் வௌவால்களைக் கொண்டுவந்து அதன்முன் காட்டினார். ஓசையற்ற பிராணி என்று கருதப்பட்ட வௌவால் ஓயாது ஒலி எழுப்புவதை அக்கருவி உணர்த்தியது. பின்னர் கிரிஃபினும் ராபர்ட் கலம்போஸும் சேர்ந்து, காதை அடைத்தாலும் வாயைக் கட்டினாலும் வௌவால் வழி தவறுகிறது என்பதை மெய்ப்பித்து, 1941-இல் வெளியிட்டனர். அப்போதும் நம்ப மறுத்த அறிஞர் இருந்தனர். 1944-இல் கிரிஃபின் இத்திறனுக்கு ஒரு பெயரும் சூட்டினார். எதிரொலியால் இடமறிதல் என்று அதனை நாம் தமிழில் வழங்கலாம்.

இது நிகழும் முறை எளியது. மனிதக் காது வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். பூச்சி தின்னும் வௌவால்களில் பெரும்பாலானவை அதற்கு மேற்பட்ட ஒலியைக் குரல்வளையிலிருந்து எழுப்புகின்றன. சில வாய் வழியாகவும், சில மூக்கின் வழியாகவும் அதை வெளியிடுகின்றன. ஒன்றே முக்கால் மீட்டர் தொலைவில் உள்ள பொருளில் பட்டு ஒலி மீள, வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். அந்நேரத்தைக் கொண்டு தொலைவு விளங்கும். இரை தேடும்போது வினாடிக்குப் பத்து முறை அளவில் எழும் குரல், இரையை நெருங்கியதும் நூற்றைம்பதையும் தாண்டுகிறது. அதிர்வு வினாடிக்கு 50,000 ஆனால் அலையின் நீளம் சுமார் 7 மில்லிமீட்டர். சிறு பூச்சியின் அளவு. மாக்சிம் எண்ணிய தாழ்ந்த ஒலியின் நீண்ட அலை, கொசுவைப் பொருட்படுத்தாமல் கடந்து போய்விடும்.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிமுத்துவும் ஜெர்மானிய அறிஞர் நாய்வைலரும் 1987-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, நம் நாட்டுப் பெருங்காது வௌவால் ஒன்றைப் பற்றியது. அது தவளையைப் பிடிக்கத் தன் எதிரொலியை நம்புவதில்லை; தவளை தாவும் சலசலப்பைக் கேட்டே பாய்கிறது. கேட்பதில் தேர்ந்த பிராணிக்கு எப்போது குரல் கொடுப்பது, எப்போது வாய் மூடிச் செவி சாய்ப்பது என்பதும் தெரிந்திருக்கிறது!

இனிக் காதங்கிக்கு வருவோம். அங்குள்ள ராடார் 1990-களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. 1,024 ஏரியல்கள், வரிசைக்கு 32 ஆக, 32 வரிசைகளில் நிற்கின்றன. அது ஏவுவது ஒலி அலை அன்று. 53 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலை. அதன் நீளம் ஐந்தரை மீட்டருக்குச் சற்று மேல்; தெளிந்த காற்றிலும் உள்ள சிறு சுழிப்புகளில் பட்டு அது மீள்கிறது. 15 கிலோமீட்டர் உயரம் சென்று திரும்ப, வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். மீண்ட அலையின் அதிர்வு எவ்வளவு மாறியது என்பதிலிருந்து காற்றின் வேகம் விளங்கும். இலைமூக்கு வௌவால்களும் எதிரொலியின் அத்தகைய மாறுதலை உணர்கின்றன. 2005 முதல் இந்நிலையம் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் என்று வழங்குகிறது.

வௌவாலைத் தெலுங்கர் கப்பிலம் என்பர். கிரிஃபினும் கலம்போஸும் தம் முடிவுகளை வெளியிட்ட அதே 1941-இல், தெலுங்குக் கவிஞர் குர்ரம் ஜாஷுவா அப்பெயராலேயே ஒரு காவியம் வெளியிட்டார். கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்ட ஒருவன், கோயிலில் தங்கும் வௌவாலைக் காசி நாதனிடம் தூது அனுப்புவதே அதன் பொருள். விஞ்ஞானியும் கவிஞரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும், உலகம் அபசகுனம் என்று ஒதுக்கிய பிராணியிடம், உலகம் கேளாத குரல் ஒன்று உண்டு என்பதை இருவரும் ஒரே ஆண்டில் எடுத்துக் காட்டினர்.

ஒலி இல்லை என்பது வேறு. நமக்குக் கேட்கவில்லை என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதனால் மனித அறிவு 144 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழ்ந்து, நம் சொல் பிறர் செவியில் ஏறாத வேளைகளையும், பிறர் சொல் நம் செவியில் ஏறாத வேளைகளையும் அறிந்த நமக்கு, இவ்வேற்றுமை எளிதில் விளங்கும்.